ரிமோட் முத்திரை

அந்த ரப்பர் ஸ்டாம்பை முதலில் என் உள்ளங்கையில்தான் குத்திப் பார்த்தோம். கும்பகோணத்தில் செய்யக் கொடுத்து, அன்று காலைதான் கைக்கு வந்திருந்தது. மரக் கைப்பிடி, அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ரப்பர், அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை. டாக்டர் ஊதா மைப்பெட்டியைத் திறந்து ஸ்டாம்பை ஒற்றி எடுத்து, "கையைக் காட்டுப்பா" என்றார். நீட்டினேன். ரிமோட் என்பதன் ஆறு ஆங்கில எழுத்துகளும் பிசகாமல் விழுந்தன. "இனிமே நீ கவர்மென்ட் சொத்து" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சோப்புப் போட்டும் புளி போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் அது போகவில்லை. மூன்றாம் நாள் ரசம் சாதத்தோடு கொஞ்சம் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

நான் அப்போது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். சீட்டுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்போதும் தற்காலிகப் பணியாளர், இப்போதும் தற்காலிகப் பணியாளர். பதினெட்டு வருடமாகத் தற்காலிகமாக இருப்பது எப்படி என்று யாராவது கேட்டால் வகுப்பே எடுப்பேன்.

டாக்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரும் பெண்தான், சென்னையிலிருந்து வந்தவர். முதல் வேலை. இதற்கு முன் வந்த டாக்டர்கள் காலை பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸிலேயே தங்கினார். வந்த ஒரு மாதத்தில் ஊரில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, எந்தக் கிழவர் மாத்திரையை வாங்கிப்போய்க் கூரையில் சொருகி வைக்கிறார் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டாக்டர் தினம் மதியம் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மாவைப் புரட்டிப் போட்டு, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்பாவுக்கும் எனக்கும் எப்படிப் புரட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். இதையெல்லாம் நான் எழுதித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நானும் அவரைப் போல ஆகிவிடுவேன்.

ரிமோட் என்ற வார்த்தை அதுவரை எங்களுக்கு டிவியோடு வந்த ஒரு சாமான். தொலைந்துபோனால் தலையணைக்கு அடியில் தேடுவோம், பேட்டரி தீர்ந்தால் பின்னால் இரண்டு தட்டுத் தட்டுவோம். எதிரே மளிகைக்கடை வைத்திருந்த பாய், தபால் உறையில் ஊதா முத்திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு டிவி கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். அவர் எட்டு வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். அவருக்கே அப்படித்தான் தெரிந்திருந்தது. டாக்டர்தான் விளக்கினார். போக்குவரத்து இல்லாத, எட்டாக்கையில் இருக்கிற ஊர்களை அரசாங்கம் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறது, அதில் நம் ஊரும் ஒன்று, அங்கிருந்து போகும் தபாலில் எல்லாம் அப்படிக் குறிக்க வேண்டும் என்றார். பாய்க்கு அது பெருமையாகப் போய்விட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம ஊரு ரிமோட்டுல இருக்கு, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத்தான் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. டெல்டாவில் எட்டாத ஊர் என்று ஒன்று உண்டா? எங்கள் ஊர் மேட்டில் ஏறி நின்றால் நாலு கோபுரம் தெரியும், இரண்டு பள்ளிவாசல் மினாரா தெரியும். காற்று வாகாக அடித்தால் மயிலாடுதுறை ரயில் கூவுவது கேட்கும். கொள்ளிடக் கரையை ஒட்டி ஊர் ஒதுங்கியிருப்பது உண்மை. கரை வழியாக மெயின் ரோட்டுக்குப் போனால் பதினோரு கிலோமீட்டர். ஆனால் வாய்க்கால் ஓரமாக இன்னொரு ரோடு உண்டு, அதில் நாலே கிலோமீட்டர். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து நெல் லாரிகள் அதில்தான் வரும், மூட்டையை ஏற்றிக்கொண்டு அதில்தான் போகும்.

வருடா வருடம் மேலிடத்துக்கு ஒரு படிவம் போகும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் எழுதச் சொல்வார். அருகிலுள்ள பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம். "பதினொண்ணுன்னு போடு" என்றார்.

"வாய்க்கால் ரோட்டுல நாலுதானே டாக்டர்?"

"மழைக்கு அந்த ரோடு தாங்குமா?"

"நெல் லாரியே போகுதே."

"கரையில போனா பதினொண்ணுதானே? அப்ப பொய் இல்லையே. எழுதுப்பா."

எழுதினேன். முத்து முத்தாகவே எழுதினேன்.

என் கதையும் இந்த நாலு கிலோமீட்டரில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மயிலாடுதுறையில் லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருடம். விண்ணப்பம் வாங்கி வந்ததே டாக்டர்தான். "சீட்டு எழுதுற ஆளு இல்லை நீ, மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார வேண்டிய ஆளு" என்று சொல்லி, அங்கிருந்தவர்களிடம் பேசி இடமும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆனி மாதத்துக்குள் சேர்ந்துகொள்ளலாம் என்று அவர்களும் தவணை கொடுத்தார்கள். அப்பாவுக்கு என்னை அனுப்ப ஆசைதான். ஆனால் அம்மாவை ஆறு மணி வரை பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள், அதற்கு மேல் அவளுக்கும் வீடு இருக்கிறது. அப்பா சாயங்காலம் தண்ணீர் கட்டப் போயாக வேண்டும். வகுப்பு முடிந்து, இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, நாலு கிலோமீட்டர் நடந்து நான் வீடு சேர எட்டு மணி ஆகிவிடும். "ஊருக்கு நேர் பஸ் வரட்டும், அன்னைக்கே போ" என்றார் அப்பா. சைக்கிளில் போயிருக்கலாமே என்று இன்றைய பெண்கள் கேட்பார்கள். மெயின் ரோட்டோடு தூரம் முடிந்துவிடுவதில்லை. அம்மா ஒரே பக்கமாகப் படுத்திருக்கிற இரண்டு மணி நேரத்தை எந்த சைக்கிளிலும் மிதித்துக் கடக்க முடியாது.

அதனால் பஸ் கேட்டு மனு எழுதினோம். காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஊர் திரும்ப ஒன்று. நான்தான் எழுதினேன். அப்பா முதல் கையெழுத்துப் போட்டார், பாய் இரண்டாவது. பிறகு அப்பா வீடு வீடாகப் போய் நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்தும் கைரேகையும் வாங்கி வந்தார். கீழே ஊரார் போட்டால் போதாது, மேலே பச்சை மையில் ஒரு கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு என்று பாய் சொன்னார். பச்சை மை எங்கள் ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. டாக்டரிடம் கொடுத்தோம். ஒரு முகப்புக் கடிதம் வைத்துத் தானே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பத்து நாள் கழித்துக் கேட்டேன். "போயாச்சு. கவர்மென்ட் காரியம், மெதுவாத்தான் நகரும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் அப்பாவையும் பாயையும் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு ஆபீசர் வருகிறார், ஊர் எவ்வளவு எட்டாக்கையில் இருக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார், அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நீங்கள்தான் அழைத்து வர வேண்டும் என்றார்.

"பஸ்ஸு விஷயமாத்தானேம்மா?" என்று அப்பா கேட்டார்.

"எல்லாம் அதுக்குள்ளதாங்க வருது" என்றார் டாக்டர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பதிலை இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வார்த்தைகூட இல்லை.

எங்கள் ஆட்கள் போட்ட கணக்கு இதுதான்: கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தால் ஆபீசர் மனம் இரங்குவார், இரங்கினால் பஸ் வரும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். ஆகவே வாய்க்கால் ரோட்டை அன்று ஒருவரும் வாயால்கூட உச்சரிக்கக் கூடாது, கரை வழியாகத்தான் அழைத்து வர வேண்டும் என்று முடிவானது. அன்றைக்கென்று பார்த்து மழை இரண்டு நாளாக ஓய்ந்து கரை கொஞ்சம் காய்ந்திருந்தது. அப்பா விடிகாலையில் மண்வெட்டியோடு போய், எங்கள் வயல் மடையைத் திறந்து, கரையிலிருந்து ஊருக்கு இறங்குகிற தாழ்வான பாதையில் தண்ணீரை விட்டார். சம்பா நட்டு மூன்று வாரம். ஒரு அங்குலத் தண்ணீருக்காக வரப்பில் நின்று சண்டை போடுகிற மனிதர், தன் வயலை வடியவிட்டுப் பாதையைச் சேறாக்கினார்.

ஆபீசரை மெயின் ரோட்டிலிருந்து டிராக்டரில் ஏற்றிவந்தார்கள். மடை திறந்த இடத்தில் டிராக்டர் நின்றுகொண்டது. அவர் இறங்கி நடந்தார். ஒரு ஷூ சேற்றிலேயே தங்கிவிட்டது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து கயிற்றுக் கட்டிலில் பாயைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற நோயாளியாம். பாய் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "யா அல்லா, யா அல்லா" என்று முனகினார். நல்ல நடிகர். ஆபீசர் பயந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். ஆஸ்பத்திரி கட்டில் வந்த திசையில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நோயாளியை எதற்கு ஊருக்கு வெளியே தூக்கிப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் அது பிறகுதான் உறைத்தது.

"வேற வழியே கிடையாதா?" என்று ஆபீசர் கேட்டார்.

"இல்லீங்க ஐயா, இதை விட்டா வழி இல்லீங்க" என்றார் அப்பா.

சொல்லி வாய் மூடுவதற்குள் வாய்க்கால் ரோட்டில் குறுவை நெல் ஏற்றிய லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. ஆபீசர் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் இருந்த பாய் சட்டென்று ஊரே கேட்கிற மாதிரி ஓவென்று அலறினார். லாரி போய்ச் சேரும்வரை அலறலை நிறுத்தவில்லை. அன்று சாயங்காலம் ஊரில் ஒருவருக்கும் சிரித்து மாளவில்லை. அம்மாகூடப் படுத்த படுக்கையில் கோணிய வாயோடு சிரித்தாள்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். கும்பகோணத்திலிருந்து இரண்டு கிலோ ஜாங்கிரி வரவழைத்து, ஓ.பி.க்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "ரிமோட்னு கன்ஃபார்ம் பண்ணிட்டாங்க" என்றார். அது பஸ்ஸுக்கு முதல் படி என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அப்பா இரண்டு ஜாங்கிரியை இலையில் கட்டி வந்து, அம்மாவுக்குப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். தை போனது, மாசி போனது. பஸ் வருமா என்று கேட்டதற்கு டாக்டர், "இந்த வருஷத்துக்குள்ள ஒரு ரிமோட் சான்ஸ் இருக்கு" என்றார். வீட்டில் டிக்ஷனரி எடுத்துப் பார்த்தேன். தொலைவான, ஒதுக்கமான, மிகச் சிறிய என்றெல்லாம் போட்டிருந்தது. சிறியதாக இருந்தாலும் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டாக்டர் வந்து மூன்று வருடம் முடிந்த சித்திரையில் அவருக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. எதிர்பார்த்ததற்கு மேலான இடம் என்றார். ஊர் கூடி வழியனுப்பியது. அப்பா ஒரு மூட்டைப் பொன்னி அரிசி கொடுத்தார். அம்மா இடது கையால் அவர் நெற்றியில் குங்குமம் வைத்தாள், அது மூக்கில் போய் அப்பிக்கொண்டது. டாக்டர் அதைத் துடைக்காமல் அழுதார். அந்த அழுகை பொய் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். போகும்போது அவர் வாய்க்கால் ரோட்டில்தான் போனார். சாமான் ஏற்றிய வேன் கரை வழியாக வர மறுத்துவிட்டது.

புது டாக்டர் வருவதற்காக மேஜையைத் துடைத்து வைத்தேன். கீழ் டிராயரில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதை மாற்றலாம் என்று உருவினேன். அடியில் எங்கள் மனு இருந்தது. அப்பாவின் கையெழுத்து, பாயின் கையெழுத்து, நூற்று நாற்பத்து மூன்றும் அப்படியே இருந்தன. மேலே டைப் அடித்த முகப்புக் கடிதம், அதில் பச்சைக் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. ரிமோட் என்று பட்டியலில் உள்ள ஊர்களில் மூன்று வருடம் வேலை பார்த்த டாக்டர்களுக்கு மேற்படிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்று அதில் இருந்தது. நாலு வரி தள்ளி, நேரடி பஸ் வசதி உள்ள ஊர்கள் இந்தப் பட்டியலில் சேராது என்றிருந்தது. அந்த வரிக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டிருந்தார்.

வந்த ஆபீசர் பஸ்ஸுக்காக வரவில்லை. எங்கள் ஊர் இன்னும் எட்டாக்கையில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்க வந்திருக்கிறார். நாங்கள் மடையைத் திறந்துவிட்டு, கட்டிலைத் தூக்கி, லாரிச் சத்தத்தை மறைத்து, இந்த ஊருக்கு வண்டி வர வழியே இல்லை என்று அரசாங்கத்துக்கு நாங்களே நிரூபித்துக் கொடுத்திருந்தோம். படிவத்தில் பதினொன்று என்று எழுதியதும் என் கைதான். டாக்டர் மனுவை அனுப்பாதது என்னைச் சுட்டது. எங்கள் கையாலேயே அதைச் செய்ய வைத்தது அதைவிடச் சுட்டது. அவர் என்னிடம் நேராக, எனக்கு இந்த மார்க் வேண்டும், ஒரு வருடம் பொறுத்துக்கொள் என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அம்மாவைப் புரட்டிய கை அது. அதற்காக ஒரு வருடம் என்ன, இரண்டு வருடம்கூடப் பொறுத்திருப்பேன். என்னைக் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாரே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மனு டிராயரில் இருந்தது என்று ஒரே ஒரு வரி. பதில் வரவில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு மயிலாடுதுறைக்குப் போய் நானே கொடுத்தேன். பச்சை மை இல்லை என்று அங்கே யாரும் திருப்பி அனுப்பவில்லை. நெல் லாரி போகிற ரோடு இருக்கிறது என்று சொன்னேன், வந்து பார்த்தார்கள். ஏழு மாதத்தில் பஸ் வந்தது. காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. ஆனால் ஆனி மாதத் தவணை அதற்கு முன்பே முடிந்து, என் இடத்தில் வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள். அடுத்த முறை கேட்டபோது எனக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது.

முதல் பஸ்ஸுக்கு வாழைக்குலை கட்டி, சூடம் காட்டினார்கள். பஸ் வாங்கித் தந்த டாக்டரம்மாவுக்கு நன்றி என்று துணியில் எழுதி முன்னால் கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்குக் காசு போட்டவர் அப்பா. "அந்தம்மா எழுதிப் போட்டது வீண் போகலை பாத்தியா?" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? உங்கள் வயலை வடியவிட்டது உங்களுக்கே வைத்துக்கொண்ட வேட்டு என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அப்பா கண் மூடும்வரை டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பே அம்மாவும் போய்விட்டிருந்தாள். மறைத்தது பழகிப்போய், பிறகு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் ஊரில் ரிமோட் என்றால் வேறு. மோட்டார் போட யாரும் வயலுக்குப் போவதில்லை, செல்போனில் ஒரு அழைப்புக் கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது. திருப்பூரில் இருந்துகொண்டு இங்கே தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் ஒரு அறையில் கேமராவும் திரையும் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் பெரிய டாக்டர்கள் சென்னையிலிருந்தே பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ரிமோட் கன்சல்டேஷன். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்வது என் வேலை.

போன மாதம் நரம்பு டாக்டருக்கான நாள். பாய் வந்திருந்தார். இப்போது மயிலாடுதுறையில் மகள் வீட்டில் இருக்கிறார், வைத்தியத்துக்கு மட்டும் இங்கேதான் வருவார். கை நடுக்கம். திரை வெளிச்சமானது. அதில் எங்கள் பழைய டாக்டர், தலைமுடி கொஞ்சம் நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். குரல் மாறவில்லை.

"ஏய், நீயா! இன்னும் அங்கேயேதான் இருக்கியா?"

ஆமாம் டாக்டர் என்றேன். பாயும் ஆளை அடையாளம் கண்டு, நடுங்குகிற கையைத் திரைக்கு நேராகத் தூக்கி, "அம்மா, நீங்களா! நீங்க வாங்கிக் கொடுத்த பஸ்ஸுலதாம்மா இப்பவும் வந்து இறங்கினேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

நான் திரையையே பார்த்தேன். பஸ்ஸை நான் வாங்கித் தரவில்லை என்று சொல்ல டாக்டருக்கு இரண்டு விநாடி போதும். டாக்டர் புன்னகைத்தார். "சந்தோஷம் பாய். கையை நீட்டுங்க, பார்ப்போம்" என்றார். நன்றாகத்தான் பார்த்தார். எந்த மாத்திரை, எத்தனை வேளை, கூடவே என்ன சாப்பிடக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். பாய் சீட்டை வாங்கிக்கொண்டு, வாசல் பெஞ்சில் ஆறு மணி பஸ்ஸுக்காக உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒரு சின்ன உதவிப்பா" என்றார் டாக்டர். "ரிமோட் ஏரியாவுக்கு சர்வீஸ் பண்றோம்னு எங்க ஆஸ்பத்திரியில ஒரு ரெக்கார்டு காட்டணும். அந்தப் பழைய ஸ்டாம்ப் இருக்குல்ல? ஒரு லெட்டர்ல போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிடேன்."

அவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார் என்றுதான் நான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். மறந்தவரை மன்னித்துவிடலாம். அவருக்கு ஸ்டாம்ப் வரை நினைவிருந்தது.

"பஸ் வந்துடுச்சே டாக்டர்" என்றேன்.

அவர் தன் மேஜைமேல் இருந்த காகிதத்தை நகர்த்தி வைத்தார்.

"மனுவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்க டிராயர்ல இருந்துச்சு. லெட்டரும் போட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் பஸ் வந்துடுச்சுல்லப்பா" என்றார் மெதுவாக. "இன்னும் என்ன?"

மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார வேண்டிய ஆள் நான் என்று சொன்ன வாய்தான் அது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நல்ல, சுத்தமான கோபம். "ஸ்டாம்ப் போட மாட்டேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தேன். அன்றைக்குப் பாய்தான் கடைசி நோயாளி.

ஸ்டாம்ப் என் மேஜையில்தான் இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். மை எப்போதோ காய்ந்து, ரப்பர் வெடித்திருந்தது. எழுத்து எதுவும் விழவில்லை. தோலில் ஒரு பள்ளம் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே எழும்பிவிட்டது. நிமிர்ந்தால் வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. பெஞ்சில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா," என்றார், "அப்ப அன்னைக்கு நான் கட்டில்ல கெடந்து அப்படிக் கத்தினது யாருக்காக?"

ஆறு மணி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஸ்டாம்பை மேஜைமேல் போட்டுவிட்டு, அவருடைய நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு போய், படியேற்றி, ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன்.